காத்து பிரிஞ்சுதாம்மா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் சர்ஜரி வார்டுல 28 வருஷம் நர்ஸா இருந்தவ. காலையில வார்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆபரேஷன் ஆனவங்ககிட்ட நான் கேக்குற மொத கேள்வி "தூங்குனீங்களா"ன்னு இருக்காது, "காத்து பிரிஞ்சுதா"ன்னுதான் இருக்கும். பெரியவங்க போர்வைய இழுத்து மொகத்த மூடிக்குவாங்க, கூட நிக்குற மருமக தலைய குனிஞ்சுக்குவா. வெக்கப்படாதீங்க, தயவுசெஞ்சு உண்மைய சொல்லுங்க, ஏன்னா அந்த பதில வெச்சுத்தான் உங்களுக்கு கஞ்சியா, இட்லியா, இன்னும் டிரிப்ஸ்தானான்னு முடிவு பண்றோம்.

இப்ப பித்தப்பை கல்லு, குடல்வால், ஹெர்னியா, கர்ப்பப்பைன்னு பலதையும் லேப்ராஸ்கோபியில பண்றாங்க, வயித்துல சின்னதா மூணு நாலு ஓட்டை போட்டு பண்றது. ஜெர்மனியில எரிக் மூஹேன்னு ஒரு டாக்டர் 1985-ல மொத மொதல்ல இப்படி பித்தப்பைய எடுத்தாரு, நம்ம நாட்டுல 1990-ல பம்பாயில டாக்டர் உட்வாடியா பண்ணாரு. இன்னிக்கு சின்ன டவுன்லகூட பண்றாங்க. அதனாலயே ஜனங்க மனசுல "ஓட்டைதானே, தையல்கூட ரெண்டுதானே, வயிறு எப்பவும்போல இருக்கும்"னு ஒரு நெனப்பு வந்துடுச்சு. அந்த நெனப்புலதான் வம்பு. ஓட்டை சின்னதா இருந்தாலும் உள்ள இருக்குற கொடல் கொஞ்ச நேரமாவது நின்னுதான் மறுபடி ஓடும்.

கொடல் சும்மா கெடக்குற குழாய் இல்லைங்க. அதுக்குன்னே தனியா நரம்பு வலை இருக்கு, தாளம் போடுற செல்லுங்க இருக்கு. இரைப்பையில நிமிஷத்துக்கு 3 அலை, சிறுகுடல் ஆரம்பத்துல 12 தடவ மாதிரி. நம்ம சாப்பிடாம இருக்குறப்போ ஒன்றரை மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு பெரிய அலை கெளம்பி மிச்சம் மீதிய எல்லாம் கூட்டிப் பெருக்கி கீழ தள்ளும், பசிச்சா வயித்துல கடமுடான்னு சத்தம் கேக்குதே அதுல இதுவும் சேத்திதான்.

ஆபரேஷன்னு வந்தா இது நிக்குறதுக்கு மூணு காரணம். உடம்பு பயந்து "இப்ப வேலைய நிறுத்து"ன்னு நரம்பு வழியா சொல்லிடும். கொடல தொட்டா அதோட தசைக்குள்ள வெள்ளை அணுக்கள் வந்து சேந்து வீங்கி, தசை சோர்ந்துடும். மூணாவது வலிக்கு போடுற மார்ஃபின் வகை ஊசி, அது வலிய மட்டும் அடக்காது, கொடலையும் தூங்க வெச்சுடும்.

இதுல ரெண்டாவதுதான் முக்கியம். அமெரிக்காவுல கேனன், மர்ஃபின்னு ரெண்டு பேரு 1906-லயே பூனைகளுக்கு ஆபரேஷன் பண்ணி எக்ஸ்ரேல கொடலோட்டத்த பாத்தாங்க. கொடல வெளிய காத்துல வெச்சு பாத்தாங்க, குளிர வெச்சு பாத்தாங்க, கையால தொட்டு அசச்சும் பாத்தாங்க. கை பட்டதுதான் ரொம்ப நேரம் நிறுத்துச்சு. லேப்ராஸ்கோபியோட நல்லது இங்கதான் இருக்குன்னு நான் நம்புறேன், வெளியில தெரியுற தழும்பு சின்னதாங்கறது அப்புறம்தான். வயித்த கிழிச்சு பண்ணுனா கொடல கையால ஒதுக்கி ஈரத்துணி வெச்சு அடக்கணும். ஓட்டை வழியா பித்தப்பைய எடுக்கும்போது டேபிள தலைப்பக்கம் தூக்கி இடது பக்கம் சாச்சா போதும், கொடல் தன்னால சரிஞ்சு வழி விட்டுடும், யாரும் தொட வேண்டாம்.

கிழிச்சு பண்ற பெரிய ஆபரேஷன்ல சிறுகுடல் ஒரு நாளைக்குள்ள முழிச்சுக்கும், இரைப்பை ஒண்ணு ரெண்டு நாள், பெருங்குடல்தான் கடைசி, மூணு நாள் வரைக்கும் இழுக்கும். காத்து பிரியுறது பெருங்குடல் முழிச்சதுக்கு அடையாளம். ஓட்டை போட்டு பித்தப்பை எடுத்தவங்க பல பேரு அன்னிக்கு சாயங்காலமே தண்ணி குடிச்சுடுறாங்க, காலையில இட்லி சாப்பிடுறாங்க. பெருங்குடலயே வெட்டி சேக்குற ஆபரேஷன்னா லேப்ராஸ்கோபின்னாலும் ரெண்டு மூணு நாள் ஆகலாம், பதறக்கூடாது.

இங்க ஒரு குழப்பத்த தீத்துடுறேன், தினமும் கேட்ட கேள்வி இது. "சிஸ்டர், ஆபரேஷனப்போ வயித்துல கேஸ் ஏத்துனாங்களாமே, அதுதான் பின்னாடி காத்தா வெளிய வரணுமா"ன்னு. இல்லைங்க. அவங்க ஏத்துறது கார்பன் டை ஆக்சைடு, 12, 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துல, கொடலுக்கு வெளிய இருக்குற வெத்து எடத்துல. முடிச்சதும் அதை வெளியேத்திடுவாங்க, மிச்சம் ரத்தத்துல கலந்து மூச்சு வழியா போயிடும். கொடலுக்குள்ள இருக்குற காத்து வேற. ஒரு அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு வலது தோள புடிச்சுக்கிட்டு "ஹார்ட் அட்டாக்மா எனக்கு"ன்னு அழுதாங்க, ஈசிஜி எடுத்து பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, மிஞ்சுன கேஸ் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத்த உறுத்துது, அந்த நரம்பு தோள்ல வலிய காட்டுதுன்னு. அந்த அம்மா கைய புடிச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ரெண்டு நாள்ல வலி போயிடுச்சு. ஆனா தோள் வலி நெஞ்சு வலி எதுன்னாலும் நீங்களா கேஸுன்னு முடிவு பண்ணாதீங்க, சொல்லுங்க, பாத்துடுவோம்.

நாங்க வேலைக்கு சேந்த காலத்துல காத்து பிரியுற வரைக்கும் பச்சத் தண்ணி கெடயாது, மூக்கு வழியா இரைப்பைக்கு போற ரைல்ஸ் டியூப், படுக்கையே கதி. டென்மார்க்குல ஹென்ரிக் கேலட்னு ஒரு சர்ஜன் 1990-கள்ல அதை மாத்திக் காட்டுனாரு, சீக்கிரம் எழுப்பு, சீக்கிரம் குடு, மார்ஃபின கொறன்னு. நெதர்லாந்துல 9 ஆஸ்பத்திரியில பெருங்குடல் ஆபரேஷனான 400 பேர வெச்சு பாத்தாங்க, அதோட முடிவு 2011-ல வந்துச்சு. லேப்ராஸ்கோபியும் இந்த பராமரிப்பும் சேந்தவங்க 5 நாள்ல வீட்டுக்கு, கிழிச்சு பழைய மாதிரி பாத்தவங்க 7 நாள். அப்ப ஓட்டை மட்டும் பத்தாது, பாத்துக்குற விதமும் வேணும்.

ஜப்பான்ல 2002-ல லேப்ராஸ்கோபியில பெருங்குடல் ஆபரேஷனான 19 பேர்ல ஒரு பாதிக்கு சூயிங்கம் குடுத்தாங்க, மெல்லுறத பாத்து கொடல் சாப்பாடு வருதுன்னு ஏமாறுது, அவங்களுக்கு 2.1 நாள்ல காத்து பிரிஞ்சுது, மத்தவங்களுக்கு 3.2 நாள். சீக்கிரமே சாப்பாடு குடுத்துட்டா சூயிங்கத்துக்கு பெருசா வேலை இல்லன்னு பெறகு வந்த ஆராய்ச்சி சொல்லுது. ஜெர்மனியில பெருங்குடல் ஆபரேஷனான 80 பேர்ல காபி குடிச்சவங்களுக்கு 60 மணி நேரத்துல மோஷன், வெந்நீர் குடிச்சவங்களுக்கு 74. டாக்டர் சரின்னா ஒரு டம்ளர் காபி தரலாம், ஒளிச்சு மட்டும் குடுக்காதீங்க.

சொந்தக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. தூக்குவாளியில பிரியாணி கொண்டு வந்து "தெம்பு வரட்டும்"னு ஊட்டாதீங்க. ஒருத்தருக்கு அப்படி ஊட்டி ரெண்டாவது நாள் வயிறு பானை மாதிரி உப்பி, பச்சையா வாந்தி எடுத்து, மறுபடி டியூப் போட வேண்டியதா போச்சு, தட்டிப் பாத்தா டம்டம்னு சத்தம். அதுக்கு பதிலா எழுப்பி நடக்க வைங்க, டிரிப்ஸ் ஸ்டாண்ட நீங்க தள்ளுங்க.

கடைசியா, வீட்டுக்கு போனபெறகு லேப்ராஸ்கோபி ஆனவங்களுக்கு நாளுக்கு நாள் வலி கொறையணும். கொறஞ்சுக்கிட்டு வந்த வலி ஏறுனாலோ, வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, காய்ச்சல், விடாத வாந்தி, நாடி வேகமா அடிக்கிறது இதெல்லாம் இருந்தாலோ, அது கொடல் தூங்குறதுன்னு விட்டுடாதீங்க, உள்ள கொடல்ல காயம் பட்டிருக்கலாம், கஷாயம் வெச்சு குடுத்து காலைய எதிர்பாக்காம அன்னிக்கு ராத்திரியே வந்துடுங்க, ஆபரேஷன் பண்ண எடம் தூரம்னா பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு டிஸ்சார்ஜ் சீட்டோட போங்க. நன்றி, வணக்கம்.