கருப்பைச் சுவருக்குள் ஒரு ரத்தப் பை

[காட்சி: காலண்டர். மாதம் தவறாமல் மூன்று நாட்களுக்குச் சிவப்பு வட்டம்.]

17 வயதுப் பெண். மாதவிடாய் வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறாள். மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது, அதுவும் ஒரே பக்கமாக. "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று வீட்டில் சொல்லியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

[காட்சி: கருப்பையின் குறுக்குவெட்டு. சுவருக்குள் கரும்பழுப்பு உருண்டை.]

கருப்பையின் உட்படலம் தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வதுதான் அடினோமயோசிஸ். வழக்கமாக இது நாற்பதை ஒட்டிய வயதில், சுவர் முழுக்கப் பரவித் தெரியும். இந்தப் பெண்ணுக்கு இருப்பது அபூர்வ ரகம்: ஒரே இடத்தில் பை மாதிரி. பைக்குள் இருக்கும் படலமும் மாதாமாதம் ரத்தம் கசியவிடுகிறது, வெளியேற வழியில்லை. பை உப்ப, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பெயர், ஜூவனைல் சிஸ்டிக் அடினோமயோமா. 2010-இல் ஜப்பானிய மருத்துவர் டாகெயுச்சியின் குழு 9 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு வரையறை தந்தது: வயது 30-க்குள், கடும் வலி, கருப்பைக் குழியோடு சேராமல் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஒரு பை, சுற்றிலும் தடித்த தசை.

[காட்சி: எம்.ஆர்.ஐ படம்.]

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அல்ட்ராசவுண்டில் இது ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி) போலவும் தெரியும், சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி போலவும் தெரியும். எம்.ஆர்.ஐ எடுத்தால், அதன் இரண்டு பட வகைகளில் டி1 படத்தில் பழைய ரத்தம் வெள்ளையாகப் பளிச்சிடும், டி2 படத்தில் சுற்றிக் கறுப்பு வளையம்.

சரி, முடிந்ததா? இல்லை. பிறவியிலேயே அரைகுறையாக வளர்ந்து வழி அடைபட்ட கருப்பைக் கொம்பும் (கருப்பையின் ஒரு பக்கப் பாதி) இப்படித்தான் ரத்தத்தைத் தேக்கும். அதனால் கருப்பைக் குழியைப் பார்க்க வேண்டும். குழி இயல்பான வடிவில், இரண்டு கருக்குழாய்களின் வாயும் தெரிந்தால் அது கொம்பு அல்ல. கொம்பாக இருந்தால் ஒரு வாய்தான் தெரியும்; அந்தப் பக்கச் சிறுநீரகமே இல்லாமலும் போகலாம். வயிற்று வலிக்கு வந்தவளின் சிறுநீரகத்தை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள் என்றால், இதற்குத்தான்.

[காட்சி: லேப்ராஸ்கோபி.]

முதலில் மருந்து: வலி நிவாரணி, இடைவெளி விடாமல் கருத்தடை மாத்திரை அல்லது டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை. மாதவிடாய் நின்றால் பையும் அடங்கும். மருந்தை நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். அப்புறம்தான் லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன். ஃபைப்ராய்டை உரித்து எடுத்துவிடலாம், இதற்கோ தெளிவான எல்லை கிடையாது. உள்படலம் மிச்சமிருந்தால் வலி மறுபடி வரும், அதிகம் வெட்டினால் சுவர் பலவீனமாகும். அடுக்கடுக்காகத் தையல் போடுவது அதனால்தான்.

பின்னாளில் கர்ப்பமானால் அந்தத் தழும்பு கிழியும் ஆபத்து உண்டு. பலருக்குச் சிசேரியனே பரிந்துரைப்பார்கள். ஆபரேஷன் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். வெட்டு எவ்வளவு ஆழம், குழி திறந்ததா என்பதைப் பத்து வருடம் கழித்துப் பிரசவம் பார்க்கும் மருத்துவர் அதில்தான் தேடுவார்.