அவர் என்றால் ஆரு? திருநரைப் பற்றிச் செய்தி எழுதும்போது

[திரையில்: பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட ஒரு பழைய செய்தித் தலைப்பு]

வணக்கம். "பெண் வேடமிட்டு நடமாடிய ஆண் கைது." இந்தத் தலைப்பை எழுதியது நான்தான். பல வருடங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தி அறையில், பொலிஸார் தந்த நாலுவரிக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன், ஒருவரும் திருத்தவில்லை, பக்கத்து மேசைக்காரர் நல்ல தலைப்பு என்று வேறு சொன்னார். அடுத்த நாள் அந்தச் செய்தியில் வந்தவரே அழைத்தார். "தம்பி, நான் வேசம் போடேல்லை, உடுப்புத்தான் போட்டனான்" என்றார். வைத்துவிட்டார்.

இந்த வீடியோ அந்த அழைப்பில் இருந்து வந்ததுதான்.

முதலில் பெயர்ச்சொற்கள், இது சுலபம். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவர்களையும், ஆண் பெண் இரண்டுக்குள்ளும் தங்களை அடக்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல, திருநர். தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் அமைந்த காலத்தில் 'திருநங்கை' அரச வழக்குக்கு வந்து, அங்கிருந்து எங்களுடைய பத்திரிகைகளுக்கும் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் நாங்கள் எல்லோரையும் திருநங்கை ஆக்கிவிட்டோம், தாடி வைத்த திருநம்பியின் படத்துக்குக் கீழேயும் 'திருநங்கை' என்று போட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஓரினச்சேர்க்கையாளர் என்பது வேறு விஷயம். அது யாரை விரும்புகிறார் என்பது, இது தான் யார் என்பது.

'மூன்றாம் பாலினத்தவர்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது, அதனால் அங்குள்ள செய்திகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. இலங்கையில் கதை வேறு. இங்கே 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்தது பாலின அங்கீகாரச் சான்றிதழ். உளநல மருத்துவ நிபுணர் அதைக் கொடுத்தால், பிறப்புச் சான்றிதழில் பாலை மாற்றலாம், ஆணில் இருந்து பெண்ணாக அல்லது பெண்ணில் இருந்து ஆணாக. மூன்றாவது பெட்டி என்று ஒன்று அதில் கிடையாது. ஆகவே கையில் 'பெண்' என்ற அடையாள அட்டையோடு நிற்கும் ஒருவரை நாங்கள் 'மூன்றாம் பாலினத்தவர்' என்று எழுதினால், மரியாதைக் குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும், அது தகவல் பிழை. தன்னை அப்படித்தான் சொல்கிறார் என்றால் எழுதுங்கள். மற்றபடி வேண்டாம்.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். வினைமுற்று.

[திரையில்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தவா]

தமிழில் பெயரை ஒளித்தாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் எங்களுக்கு நல்ல வசதி இருக்கிறது, 'அவர் வந்தார்' என்று எழுதினால் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, மரியாதையும் இருக்கிறது, வேலை முடிந்தது. ஆனால் இன்று செய்தியைப் பாதிப்பேர் யூரியூப்பில் பேச்சுத் தமிழில் அல்லவா சொல்கிறார்கள்? யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அவர்' என்றால் ஆண். "அவர் வந்தவர்" என்று சொன்னால் காதில் விழுவது ஒரு ஐயாவோ அண்ணாவோதான். பெண்ணுக்கு நாங்கள் சொல்வது 'அவா', "அவா சொன்னவா", "அவா வந்தவா". அப்படியிருக்க, ஒரு திருநங்கையை நேர்காணல் செய்துவிட்டு, மரியாதை என்று நினைத்து முழு வீடியோவிலும் "அவர், அவர்" என்று பேசினால், கொழும்பிலோ சென்னையிலோ அது சரியாக இருக்கலாம், சுன்னாகத்தில் அவரை ஆண் என்று அறிவித்ததாகவே ஆகும். பேசும்போது திருநங்கைக்கு 'அவா', திருநம்பிக்கு 'அவர்'. இரண்டுக்குள்ளும் வராதவரிடம் கேட்டுவிட்டே பேசுங்கள்.

'அது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை "அது நித்திரை கொள்ளுது" என்று சொல்வது செல்லம், வளர்ந்த மனிதரை அப்படிச் சொல்வது வேறு. 'ஆண்மை திரிந்த பெயர்', அதாவது ஆண்மையில் இருந்து மாறியவரைக் குறிக்கும் சொல், அதற்குத் தனக்கென்று ஈறு (விகுதி) கிடையாது, உயர்திணையில் நின்றே பால் பிரிந்து ஒலிக்கும் என்று தொல்காப்பியத்திலேயே சூத்திரம் உண்டு. தொல்காப்பியர் ஒத்துக்கொண்ட திணையை நாங்கள் இறக்கத் தேவையில்லை.

அப்புறம் என்னுடைய 'வேடம்' எங்கிருந்து வந்தது? பொலிஸ் குறிப்பில் இருந்து. தண்டனைச் சட்டக் கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது, அதையும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் வைத்துத் திருநரைப் பிடித்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. பொலிஸார் எழுதுவது அவர்களுடைய வழக்குக்கு வேண்டிய மொழி. அதை அப்படியே எடுத்துத் தலைப்பில் போடும்போது, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முதலே நாங்கள் சொல்லிவிடுகிறோம். பெயரும் அப்படித்தான். சான்றிதழ், பதிவாளர், அடையாள அட்டை என்று அலைந்து முடிக்கும் வரைக்கும் அட்டையில் பழைய பெயர்தான் இருக்கும், குறிப்பிலும் அதுவே வரும். அவர் வாழும் பெயரை எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள் போடாமல், 'என்று அழைக்கப்படும்' என்று இழுக்காமல்.

யாழ்ப்பாணச் செய்தியின் இன்னொரு பழக்கம், "கொக்குவில் கிழக்கைச் சேர்ந்த 23 வயதுடைய" என்று தொடங்குவது. பெயரைப் போடவில்லை, பாதுகாப்பாக எழுதிவிட்டோம் என்று நினைப்போம். ஊரும் வயதும் தொழிலும் போட்டால், அந்த ஒழுங்கையில் யாருக்குத் தெரியாது? வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி பத்திரிகை முதலில் சொல்லிவிடும். மாவட்டம் போதும். அதற்கு முன்னால், அவர் திருநர் என்பது அந்தச் செய்திக்குத் தேவையா என்றும் பாருங்கள். ஓட்டோ மோதிக் காயப்பட்டவர் ஓட்டோ மோதிக் காயப்பட்டவர்தான்.

நேர்காணல் என்றால் "உங்களைப் பற்றி எப்படி எழுத வேண்டும்?" என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள், யாரும் கோபிப்பதில்லை. சத்திரசிகிச்சை செய்தாச்சா என்பது கேள்வியே இல்லை, சின்ன வயதுப் படம் இருக்கிறதா என்பதும்தான்.

மரணச் செய்தியில்தான் எனக்கு இன்னும் தடுமாற்றம். மரண அறிவித்தல் குடும்பம் காசு கொடுத்துப் போடுவது, அதில் அவர்கள் வைத்த பெயர் வரும், 'அன்னார் இன்னாரின் அன்பு மகன்' என்று வரும், அதை நிறுத்த எங்களால் முடியாது. ஆனால் அதே இறப்பைப் பற்றி உள்பக்கத்தில் நாங்கள் எழுதும் செய்தி எங்களுடையது. அதில் அவர் வாழ்ந்த பெயர் வரவேண்டும், தோழிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வீட்டார் சண்டைக்கு வருவார்கள். வந்தால் அறிவித்தலில் அவர்களுடைய பெயர் இருக்கிறதே என்று சொல்லலாம்.

பிழையாக வந்துவிட்டால், முதலில் அந்த ஊடகத்துக்கு எழுதுங்கள், பத்திரிகை அசையவில்லை என்றால் கொழும்பில் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. திருத்துபவர்கள் தலைப்போடு நிறுத்தாமல், படத்துக்குக் கீழே உள்ள வரி, வீடியோவின் முகப்புப் படம், முகநூலில் போட்ட பதிவு எல்லாவற்றையும் பாருங்கள். என்னுடைய செய்தியின் தலைப்பை போன வருடம் கேட்டு மாற்றுவித்தேன். இணைய முகவரியை மறந்துபோனேன்.

[திரையில்: முகவரிப் பட்டை, மெதுவாக நெருங்கும்]

அதில் 'வேடமிட்டு' இன்னும் இருக்கிறது.