கோடை முழுக்க தூங்குன பாய்லர்: ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி

வணக்கம் மக்களே! லண்டன்ல குளிர் வந்தாச்சு. ஏப்ரல்ல அணைச்ச ஹீட்டிங்கை இப்போ போட்டா ரேடியேட்டர் சில்லுனு கிடக்கா? சுவத்துல மாட்டியிருக்கற காம்பி பாய்லர்னா, அதாவது குழாய் வெந்நீரும் ரேடியேட்டர் சூடும் ஒரே பெட்டியில இருந்து வர்றதுன்னா, இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், பாய்லர் மூடியைக் கழட்டாதீங்க. உள்ள கை வைக்கறது கேஸ் சேஃப் கார்டு (கேஸ் வேலைக்கான பதிவு அட்டை) வெச்சிருக்கறவங்க வேலை.

தெர்மோஸ்டாட் பேட்டரியை மாத்துங்க. பாய்லர் டயல் குழாய் படத்துல மட்டும் நின்னா ரேடியேட்டர் படத்துக்குத் திருப்புங்க. சிரிக்காதீங்க, இதுக்கே ஆளைக் கூப்பிட்டு காசு கொடுக்கறவங்க இருக்காங்க.

அடுத்து பிரஷர் கேஜ். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவுல இருக்கணும். 0.5-க்குக் கீழ போனா நிறைய மாடல் பத்தவே பத்தாது. அடியில பின்னல் போட்ட வெள்ளிக் கலர் ஹோஸ் தெரியுதா? அதான் ஃபில்லிங் லூப், ஹீட்டிங்குக்குத் தண்ணி நிரப்பற ஹோஸ். ரெண்டு முனையிலயும் வால்வு இருக்கும். ஒண்ணை முழுசா திறங்க, இன்னொண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா. தண்ணி 'ஸ்ஸ்'ஸுனு ஏறும். 1.2 வந்ததும் ரெண்டையும் இறுக்கி மூடுங்க. மூட மறந்தா பிரஷர் ஏறிட்டே போய், 3 பார்ல சேஃப்டி வால்வு திறந்து வெளிச்சுவத்துக் குழாய்ல தண்ணி கொட்டும். மூடினதுக்கப்புறமும் சூடாகறப்பல்லாம் 3-க்குத் தாவுதுன்னா எக்ஸ்பேன்ஷன் வெசல்ல (சூடாகி விரியற தண்ணிக்கு இடம் கொடுக்கற தொட்டி) காத்து இறங்கியிருக்கும், ஆளைக் கூப்பிடுங்க. நிரப்பி ரெண்டு நாள்ல மறுபடி இறங்குனா எங்கயோ ஒழுகுது.

எல்லாம் சூடாகி ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் ஜில்லுனு இருந்தா, அதுக்கு வர்ற பைப்பைத் தொட்டுப் பாருங்க. பைப் சுடுது, ரேடியேட்டர் சுடலைன்னா அதோட வால்வுக்குள்ள இருக்கற பின் ஒட்டிக்கிச்சு. மாசக்கணக்கா மூடியே வெச்சா இப்படித்தான். அந்த வால்வு மேல நம்பர் போட்ட தலையை 5-க்குத் திருப்பி, கீழ இருக்கற வளையத்தைக் கையால லூஸ் பண்ணி, தலையைத் தூக்கிடுங்க. நடுவுல சின்ன பின் நீட்டிட்டு நிக்கும். ஸ்பேனரோட தட்டைப் பக்கத்தால மெதுவா அமுக்குங்க. விட்டா ஸ்பிரிங் மாதிரி மேல எழணும். எழலைன்னா பக்கவாட்டுல லேசா தட்டி, மறுபடி அமுக்குங்க. குறடு போட்டு இழுக்கவே கூடாது. பின் கையோட வந்துடுச்சுன்னா ஹால் முழுக்க கறுப்புத் தண்ணிதான். எதிர்ப்பக்கம் மூடி போட்ட வால்வைத் தொடாதீங்க, அது எல்லா ரேடியேட்டருக்கும் சூடு சமமா போகற மாதிரி பேலன்ஸ் பண்ணி வெச்சது.

ரேடியேட்டரோட மேல்பக்கம் மட்டும் சில்லுன்னா உள்ள காத்து. பாய்லரை அணைச்சு, ஆறவிட்டு, கீழ்மாடியில ஆரம்பிச்சு ப்ளீட் கீயை (ரேடியேட்டர் மேல் ஓரத்துல காத்தை வெளிய விடற சின்ன சாவி) கால் சுத்து திருப்புங்க, துணி பிடிச்சுக்கிட்டு. தண்ணி வந்ததும் மூடிடுங்க. காத்து போன அளவுக்கு பிரஷர் இறங்கும். கேஜைத் திரும்பப் பாருங்க. அடியில மட்டும் சில்லுன்னா உள்ள சேறு, அதுக்கு ஃப்ளஷ் பண்ணணும், அதாவது தண்ணி பாய்ச்சிக் கழுவணும்.

குழாய்ல வெந்நீர் வருது, ஒரு ரேடியேட்டரும் சூடாகலை, தெர்மோஸ்டாட்டும் சரியா இருக்குன்னா டைவர்ட்டர் வால்வு (சூட்டைக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் மாத்தி விடறது) மேல சந்தேகப்படலாம். பாய்லர் பத்தி, கொஞ்ச நேரத்துலயே ஓவர்ஹீட் ஆகி அணையுது, பைப்ல சூடு நகரலைன்னா பம்ப் இறுகியிருக்கலாம். ரெண்டுமே மூடிக்குள்ள இருக்கறது, ஆள் வரட்டும். அவங்ககிட்ட பாய்லர் காட்டற எரர் கோடைச் சொல்லுங்க. ரீசெட்டை ரெண்டு தடவைக்கு மேல அமுக்காதீங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரத்துல டெஸ்ட் பட்டனை இன்னிக்கே அமுக்குங்க. கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாம, ஜன்னலைத் திறந்து, மீட்டர் வால்வை மூடி, வெளிய போய் 0800 111 999-க்கு அடிங்க.

அடுத்த கோடையில மாசம் ஒரு தடவை, எல்லா ரேடியேட்டர் வால்வையும் 5-ல வெச்சு, பத்து நிமிஷம் ஹீட்டிங்கை ஓட விடுங்க. பின்னும் பம்பும் ஒட்டாது.