தைலத்தின் பெயர் என்ன?

வணக்கம் நேயர்களே. இந்த நிகழ்ச்சிக்கு அழைத்தபோது எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். உட்கார்ந்து பேச வேண்டுமா, நின்றுகொண்டு பேசலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். 12 வருடமாக முதுகுவலியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி. மைக்கை உயர்த்தி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நின்றபடியே பேசுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை, வலிக்காரன். ஒத்தடம், தைலம், உப்பு போட்ட வெந்நீர், கட்டாந்தரையில் படுக்கை, இடுப்பு பெல்ட், காந்தப் பட்டை, ஊசிக் குத்து, முதுகில் கிண்ணம் கவிழ்க்கிற கப்பிங், முதுகெலும்பை நெட்டி முறிப்பது, பொட்டலத்தில் கட்டித் தந்த பொடி என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வந்தவன். முதுகுவலி என்று வெளியில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் கட்டாயம் ஒரு வைத்தியம் சொல்வார். அதில் ஆச்சரியம் இல்லை. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, 2050க்குள் அது 84.3 கோடி ஆகுமாம். இத்தனை கோடி முதுகு இருந்தால் அத்தனை கோடி யோசனையும் இருக்கத்தானே செய்யும்.

வைத்தியத்துக்குப் போகும் முன் ஒன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் யாராவது ஒருவருக்கு இது இன்றே தேவைப்படலாம். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, கால் திடீரென்று பலம் இழப்பது, இதில் எது வந்தாலும் ஒத்தடம் வைத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமே தெரியாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்து அடிபட்டது, இவை இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். இனி நான் பேசப்போவது இதெல்லாம் இல்லாமல் சும்மா வலித்துக்கொண்டே இருக்கிற முதுகைப் பற்றி. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம் என்று கை வைத்துக் காட்டும்படி எதுவும் அகப்படுவதில்லை.

சரி, ஒத்தடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எனக்கு இன்றைக்கும் பிடித்தது அதுதான். இறுகிக் கிடக்கிற தசை சூட்டில் கொஞ்சம் இளகும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நிம்மதி. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் எனக்கு எதிலும் அளவு தெரியாது. ஒரு பருவம் முழுக்க ரப்பர் பையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி இரவெல்லாம் முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கடைசியில் இடுப்புக்கு மேலே வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. தோலுக்குப் பல நாள் தொடர்ந்து சூடு பட்டால் அப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது. துணி சுற்றி, பொறுக்கிற சூட்டில், 15, 20 நிமிடம் வைத்தால் போதும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூடு வைப்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சுட்டதே தெரியாது.

அடுத்து தைலம். தைலம் உள்ளே இறங்கி எலும்பைச் சரிசெய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது செய்வது வேறு. தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி, மூளைக்கு இன்னொரு செய்தியை அனுப்புகிறது, அந்தச் சந்தடியில் வலி கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்க்கிறதே, அதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இலேயே ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, தொடு உணர்ச்சி அந்த வழியில் நெருக்கியடித்தால் வலியின் செய்தி முழுசாக மேலே போகாது என்று. மிளகாயின் காரச்சத்து போட்ட களிம்பு இன்னும் சுவாரசியம். அந்தக் காரம் நரம்பில் எந்த இடத்தைத் தட்டுகிறது என்று டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் கண்டுபிடித்தது, சூட்டை உணர்கிற இடமும் அதுவேதான். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்கு உண்டு. ஆக மிளகாய் சுடுகிறது என்று நாம் சொல்வது நரம்பைப் பொறுத்தவரை நிஜம். ஒரே ஒரு எச்சரிக்கை, தைலம் தேய்த்த இடத்தின் மேலேயே ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வலித் தைலத்தை நிறைய தேய்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த வைத்தியம் பலித்தது என்று எழுதி வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பேராசை. தினமும் இரவு வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண், பக்கத்தில் அன்றைக்குச் செய்த வைத்தியம். இரண்டு வருடம் எழுதினேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, மன்னிக்கவும், நின்றுகொண்டு, முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். வலி அலை அலையாக வந்திருக்கிறது. நான்கில் இருக்கும், எட்டுக்கு ஏறும், ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி நான்குக்கு இறங்கும். தைலம் தேய்த்த மாதத்திலும் அப்படித்தான், ஊசி குத்திக்கொண்ட மாதத்திலும் அப்படித்தான், ஊருக்குப் போன இடத்தில் எதுவுமே செய்யாத மாதத்திலும் அப்படித்தான். நான் வைத்தியரைத் தேடி ஓடியது எப்போதும் எட்டில் இருக்கிற நாளில். எட்டில் இருக்கிற வலி எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்கும்போது பக்கத்தில் யார் நின்றார்களோ அவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. பலருக்கு நான் சிபாரிசு செய்த ஒரு வைத்தியம்கூட அந்தக் கணக்கில்தான் புகழ் பெற்றது என்று பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதற்காக எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. ஊசி குத்துகிற அக்குபஞ்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2007இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்து முன்னேற்றம். வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்குத்தான். ஊசி ஜெயித்துவிட்டது என்று எழுந்திருக்காதீர்கள், மூன்றாவது குழு இருக்கிறதே. அவர்களுக்கு வேண்டுமென்றே தப்பான இடத்தில், மேலோட்டமாகக் குத்தினார்கள், அவர்களில் 44.2 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். ஊசி எங்கே இறங்குகிறது என்பது பெரிய விஷயமே இல்லை போலிருக்கிறது. ஒருவர் நேரம் ஒதுக்கி, கதை கேட்டு, தொட்டு, வாராவாரம் வரச்சொல்லிக் கவனித்தாரே, அதில் ஏதோ இருக்கிறது. இதைவிட வேடிக்கை, 2016இல் போர்ச்சுகலில் நடந்த ஓர் ஆய்வு. இதில் மருந்தே கிடையாது, வெற்று மாத்திரை என்று உள்ளதைச் சொல்லியே கொடுத்தார்கள், மூன்று வாரத்தில் வலி சுமார் 30 சதவீதம் குறைந்தது. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 9 சதவீதம். வெறும் மனப்பிரமை என்று இதைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, குறைந்தது என்னவோ நிஜமான வலிதானே.

நெட்டி முறிப்பதில் வருகிற அந்தச் சத்தம் பற்றிக் கேட்பார்கள். எலும்பு இடத்துக்கு வந்து உட்கார்ந்த சத்தம் என்று எனக்கும் சொன்னார்கள். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம் அது, விரலில் சொடக்கு எடுக்கிற மாதிரிதான். பயிற்சி பெற்றவர் செய்தால் சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது. ஆனால் உங்கள் எலும்பு நகர்ந்துவிட்டது, மாதாமாதம் வந்து சரிசெய்துகொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால், செருப்பைத் தேடுங்கள்.

ஸ்கேன் என்னைப் படுத்தினது தனிக்கதை. ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதி வந்தது, அன்றிலிருந்து கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடந்தேன். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, ஒரு இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாமல்! இதை யாராவது அந்தக் காகிதத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் குனியப் பயந்திருக்க மாட்டேன்.

பொடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பெயர் இல்லை, சேர்மானம் எழுதவில்லை, பரம்பரை ரகசியம் என்றார் கொடுத்தவர். மூன்றே நாளில் வலி பறந்தது. ஒரு மாதத்தில் முகம் உப்பி, பசி தாறுமாறாகி, ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருத்துவர் பார்த்ததும் இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். மூலிகை என்று விற்பதில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் கலந்து பிடிபடுவது பல நாடுகளில் நடக்கிறது. அப்படி எதையாவது மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவே ஆபத்தாகலாம், மருத்துவரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதிசயமாக வேலை செய்கிற மருந்தைப் பார்த்தால்தான் எனக்கு இப்போது பயம்.

படுக்கை ஓய்வும் அப்படித்தான் ஏமாற்றும். படுத்தால் சுகம், எழுந்தால் வலி, அதனால் இன்னும் படு என்று உடம்பு சொல்லும். 1986இல் வந்த ஆய்வில், இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள், ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட 45 சதவீதம் குறைவான நாட்களே வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். கட்டாந்தரைக்கும் அந்த மரியாதை தேவையில்லை. 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் பார்த்தபோது, கல் மாதிரி மெத்தையைவிட ஓரளவு கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. பெல்ட்டையும், இடுப்பை இழுத்துக் கட்டுகிற டிராக்ஷனையும் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. என் காந்தப் பட்டை இப்போது அலமாரியில் சாவிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது.

அந்த நோட்டில் ஒரே ஒரு விஷயம்தான் கொஞ்சம் ஒட்டி வந்தது. நடந்த மாதங்களில் எட்டுக்கு ஏறுகிற அலைகள் குறைவாக இருந்தன. ஏறினால் இறங்க அதே பத்து நாள் ஆனது, அதில் மாற்றமில்லை, ஆனால் அடுத்த அலை தள்ளி வந்தது. என் ஒரு முதுகை வைத்துப் பேச முடியாதுதான். 2024இல் ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து ஆறிய 701 பேரிடம் செய்த ஆய்வு இதையே சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களுக்கு, வேலையை முடக்கும் அளவு வலி திரும்பி வர நடுக்கணக்காக, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு என்ற கணக்கில், 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். நானும் பத்து நிமிடத்தில் தொடங்கித்தான் அரை மணிக்கு வந்தேன். முதல் மூன்று வாரம் நடந்துவிட்டு வந்தால் வலி கூடத்தான் கூடியது, நம்மை நாமே கெடுத்துக்கொள்கிறோமோ என்ற பயம் வேறு. அந்த மூன்று வாரத்தை ஒத்தடமும் தைலமும்தான் கடத்திவிட்டன. அதனால்தான் அவற்றை நான் விடவில்லை. இப்போது எந்த வைத்தியம் வந்தாலும் நான் கேட்பது, இது முடிந்ததும் என்னை எழுந்து நடக்கவிடுமா, இல்லை அடுத்த தவணை வரை படுக்கப் போடுமா என்றுதான்.

ஆனால் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. இப்போது பரவாயில்லையே, என்ன செய்தீர்கள் என்று ஆவலாகக் கேட்பார்கள், நடக்கிறேன் என்பேன், முகம் அப்படியே தொங்கிப்போகும். அதனால் சமீபகாலமாகப் பதிலை மாற்றிக்கொண்டேன். தைலம் தேய்த்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்கிறேன். எல்லோரும் தவறாமல் தைலத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.