பெண்களுக்கும் ஓதம் வருமா? பாவாடை நாடாவில் இருக்கிறது பதில்!

வணக்கம் நண்பர்களே. ஓதம் என்றதும் யார் ஞாபகம் வருகிறது? வேட்டி கட்டிய யாரோ ஒரு பெரியவர்தான், இல்லையா? விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் நோய். அப்படியானால் விரையே இல்லாத பெண்ணுக்கு அது எப்படி வரும்? வரும். அரிதுதான், ஆனால் வரும். அதற்கு ஒரு டச்சுக்காரரின் பெயரும் இருக்கிறது: நுக் கால்வாய் நீர்க்கட்டி.

(திரையில்: ஒரு பாவாடை, ஒரு ஊக்கு)

தப்பான வீடியோவுக்கு வந்துவிடவில்லை. பாவாடையின் இடுப்பு மடிப்புக்குள் நாடா கோத்திருக்கிறீர்களா? ஊக்கில் மாட்டி, துணிக்குள் தள்ளித் தள்ளி, பாதி வழியில் ஊக்கு கழன்று, முதலிலிருந்து ஆரம்பித்து... அந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், மடிப்பை மட்டும் மனதில் வையுங்கள். தொடை இடுக்குக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் நம் வயிற்றுச் சுவரில் அப்படி ஒரு மடிப்புப் பாதை உண்டு. ஆண்களுக்கு அதில் விந்துக் குழாயும் விரைக்கான இரத்தக் குழாய்களும் போகின்றன. பெண்களுக்கு? கருப்பையின் மேல் மூலையில் கிளம்பி, பெண்குறியின் வெளி உதடு வரை போகும் ஒரு நாண். அதுதான் நம் நாடா.

கருவில் இருக்கும்போது, வயிற்றின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு, கையுறையின் விரல் மாதிரி நீண்டு இந்த நாடாவோடு கூடவே இறங்குகிறது. ஆண் குழந்தையின் விரை வயிற்றுக்குள்தான் உருவாகிறது, பிறகு இந்தப் பாதையில் கீழே வருகிறது. பெண் குழந்தையின் சினைப்பையோ இடுப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆனால் பாதை போட்டாகிவிட்டதே! பஸ்ஸே வராத ஊருக்கு ரோடு போட்ட கதை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். உடம்பு சில வேலைகளை ஆணா பெண்ணா என்று பார்க்காமலே செய்துவைக்கிறது.

வழக்கமாக அந்த விரல் பிறப்பையொட்டித் தானாக மூடிவிடும். மூடாமல் மிச்சம் இருந்தால் அதுதான் நுக் கால்வாய். அதில் நீர் தேங்கினால் கட்டி.

சரி, நுக் யார்? அன்டன் நுக், 1650-ல் நெதர்லாந்தில் பிறந்தவர், லைடனில் பேராசிரியர். வாழ்க்கை வரலாறு அவ்வளவு போதும். அவர் செய்த வேலைதான் சுவாரசியம். பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டு ஓடுமே, அந்தப் பாதரசத்தை இறந்த உடல்களின் நிணநீர்க் குழாய்களுக்குள், அதாவது திசுக்களில் தேங்கும் நீரை இரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களுக்குள், செலுத்தினார். கண்ணுக்கே தெரியாத குழாய்களெல்லாம் வெள்ளிக் கம்பி போலத் தெரிந்தன. 1691-ல் வெளிவந்த 'அடினோகிராஃபியா குரியோசா' என்ற சுரப்பிகள் பற்றிய நூலில்தான் இந்தச் சவ்வு விரலையும் எழுதினார். அடுத்த வருடமே இறந்துபோனார்.

அவர் ஆராய்ந்த நிணநீர் முடிச்சுகளை நமக்கும் நன்றாகத் தெரியும். காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அது வேறொன்றும் இல்லை, இந்த முடிச்சு வீங்குவதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்த நீர்க்கட்டி வந்தாலும் முதலில் 'நெறிதான்' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் குடலிறக்கம் என்று நினைப்பார்கள். குடலிறக்கம் பெரும்பாலும் இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். இந்தக் கட்டி பெரும்பாலும் அசையாமல் அப்படியே இருக்கும், வலியும் அதிகம் இருக்காது. ஸ்கேனில் சில சமயம் காற்புள்ளி வடிவத்தில் தெரியும். ஒரு வகை, நடுவில் இறுகி உடுக்கை மாதிரியே இருக்கும்! வயிற்றோடு வழி திறந்திருக்கும் வகையும் உண்டு, அதன் அளவு கூடிக் குறையும். சிகிச்சை அறுவைதான், கட்டியை எடுத்து வழியைத் தைத்துவிடுவார்கள்.

பெற்றோர்களுக்கு மட்டும் ஒன்று, இதை ஓட்டிவிடாமல் கேளுங்கள். பெண் குழந்தைக்குத் தொடை இடுக்கில் புடைப்பு தெரிந்தால், அது நீராகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மூடாத அந்த வழியில் சினைப்பையே இறங்கியிருக்கலாம். முறுக்கிக்கொண்டால் அதற்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். எண்ணெய் போட்டு நீவுவது, அழுத்தித் தள்ளிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே நுக், கரு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெண் நாயின் கருப்பையைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தார். அந்தக் கதை வேண்டுமென்றால் கமெண்டில் 'நாய்' என்று மட்டும் போடுங்கள், எனக்குப் புரிந்துவிடும்.