ஒரே அணை, இரண்டு தலைப்புகள்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

ஊடக எழுத்தறிவு என்பதைக் கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையில் வாழும் நாம் முல்லைப் பெரியாற்றுச் செய்திகளைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம். அணையில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர்மட்டம் அந்த அளவை நெருங்கும் நாளில், நமது தமிழ் நாளிதழ் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று தலைப்பிடுகிறது. அதே காலையில், கேரளப் பக்கம் அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றுத் தேநீர்க் கடையில் பிரிக்கப்படும் மலையாள நாளிதழில், கவலை என்று பொருள்படும் ‘ஆசங்க’ என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. அடிக்கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்; இரண்டும் பொய்யல்ல. கூடலூரில் நாற்றங்காலோடு காத்திருப்பவருக்கு அது மகிழ்ச்சி, ஆற்றோரம் வீடு கட்டியிருப்பவருக்கு அது கவலை. பொய்யைப் பிடிப்பதைவிட, இப்படிப் பாதியாக வந்து சேரும் உண்மையை அடையாளம் காண்பதே கடினம் என்று நான் கருதுகிறேன்.

பொய்யும் வராமல் இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்த பிறகு, என் மதினியின் கைபேசிக்கு, நம் அணை என்ற பெயரில் ஓர் அணை உடையும் காணொளி வந்தது. ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப்பில் மலையேறுகிறவர் அவர். வீட்டில் எல்லோரும் பதறியபோது அவர் மட்டும் அதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். “இதுல அணைக்கு நடுவுலயே மதகு இருக்கே, நம்ம அணையில மதகு பதிமூணும் தள்ளித்தான இருக்கு” என்றார். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கைகள் மாறி வந்த செய்தி என்பதற்கு வாட்ஸ்அப் இடும் அடையாளம் அது. அவர் அதை யாருக்கும் அனுப்பவில்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையால் குமுளிச் சாலை அடைபட்டு, தோட்டத்துப் பெண்கள் கூலியிழந்து திரும்பியதைக் கண்டவர்களுக்கு, ஒரு வதந்தி இங்கே யார் வயிற்றில் அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை இனங்காணும் பயிற்சியைத் தொடங்கியது. நாமும் தொடங்கலாம். நமது நூலகத்திற்கு ஒரு மலையாள நாளிதழை வரவழைப்போம். மலையாளப் பள்ளியில் படித்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அவர்கள் அதைப் படித்துச் சொல்லட்டும், பக்கத்திலேயே தமிழ் நாளிதழும் விரிந்திருக்கட்டும். முதல் மாதச் சந்தாவை நான் தருகிறேன்.