துணிக்குப் பெயர் வைத்த பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணடியில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டிய கட்டம் போட்ட கைத்தறித் துணியில், ஒரு சாயத் தொட்டியின் சிவப்பு இம்மியளவு மாறிவிட்டது. எங்கள் கண்ணுக்கே அது சரியாகத் தெரியவில்லை. நீளம் சரி, இழை எண்ணிக்கை சரி என்று குறித்துவிட்டுப் பேல் கட்டி அனுப்பிவிட்டோம். சில மாதங்கள் கழித்து, சரக்கு தேங்கிவிட்டது என்று அங்கிருந்து கடிதம் வந்தது. சந்தையில் உட்கார்ந்து விற்கும் ஓர் அம்மாள் துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, இது பழைய சரக்கு அல்ல என்று ஒதுக்கிவிட்டாராம். அவர் ஒதுக்கியதை அந்தச் சந்தையில் வேறு யாரும் தொடவில்லையாம். சென்னையில் நாங்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டுத் தேர்ச்சி கொடுத்த துணியை, கடல் கடந்த ஓர் ஊரில் ஓர் அம்மாள் ஒரே பார்வையில் தள்ளுபடி செய்துவிட்டார்.

அந்த அம்மாள் யார், அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டபாடில்லை. ஆகவே, ஆப்பிரிக்காவில் பெண்கள் தொழில் தொடங்கி வளர்த்த கதையைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது, துணியை விட்டு வேறு எதையும் தொடமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டேன். அந்த நிபந்தனையைக் கடைசியில் நானே சற்று மீறவேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

துணி வழியாக நமக்கும் அந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ இனப் பெண்கள் கல்யாணம் காட்சிக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உயர்ந்த துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். அது நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர்தான். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, புறப்பட்ட இடத்தின் பெயரைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபாரி இனப் பெண்கள் அதே மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கி, சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, நெசவாளர் நினைத்தே பார்க்காத புதியதொரு வடிவத்தை அதிலிருந்து உண்டாக்கினார்கள். அதாவது, வந்து இறங்கும் துணியை அப்படியே விற்றுக் காசாக்குவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தங்கள் கையால் அதற்கு ஒரு மதிப்பைச் சேர்த்தார்கள். இந்தச் சொல்லை, ‘மதிப்பைச் சேர்த்தார்கள்’ என்பதை, நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மீண்டும் அதற்கே திரும்பி வருவேன்.

இப்போது லோமே நகருக்குப் போவோம். கானாவுக்கும் பெனினுக்கும் இடையில் ஒரு துண்டுத் துணியைப்போல நீண்டு கிடக்கும் நாடு டோகோ. அதன் தலைநகரமான லோமே கானா எல்லையை ஒட்டியே அமைந்திருப்பதால், நகரின் நடுவிலிருந்து நடந்தே எல்லைச் சாவடிக்குப் போய்விடலாம். 1957-இல் விடுதலை பெற்ற கானா, தன் உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காக இறக்குமதிக்கு வரியும் கட்டுப்பாடும் விதித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வரி குறைவு. அவ்வளவுதான், துணி வியாபாரம் எல்லை தாண்டி லோமேயின் பெரிய சந்தைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதை ஆண்டவர்கள் பெண்கள்.

அவர்கள் விற்றது மெழுகு அச்சுத் துணி. படம் காட்டிச் சொல்லவேண்டிய சங்கதி இது. வானொலியில் அதற்கு வழியில்லை. வீட்டில் பாத்திக் புடவையோ சட்டையோ இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தின் நடுவே மயிரிழை போன்ற நீலக் கீறல்கள் தாறுமாறாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் கசிந்ததால் வந்த கீறல்கள் அவை. ஜாவாத் தீவில் கையால் செய்யப்பட்டுவந்த இந்த வேலையை இயந்திரத்தில் செய்துவிடலாம் என்று டச்சுக்காரர்கள் முயன்றார்கள். நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846-இல் தொடங்கப்பட்டு, இன்று விலிஸ்கோ என்று அறியப்படும் நிறுவனம் அப்படி முயன்ற நிறுவனங்களுள் ஒன்று. செம்பு உருளைகளால் துணியின் இரண்டு பக்கமும், மெழுகுக்குப் பதிலாக உருக்கிய பிசினை அச்சிட்டு, அவுரி நீலத்தில் தோய்த்தார்கள். பிசின் கண்ட இடத்தில் வெடித்தது. கை வேலையின் நேர்த்தி தெரிந்த ஜாவா மக்களுக்கு அந்தக் கீறல் பிழையாகப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்கோ, ஒரு கஜம்போல மறு கஜம் இல்லை என்பதே அழகாகப்பட்டது. 1893-ஐ ஒட்டி ஸ்காட்லாந்து வணிகர் ஒருவர் அதைக் கானாக் கரைக்குக் கொண்டுவந்தார். அன்று வேர்விட்ட வியாபாரம் இன்றுவரை நிற்கிறது.

அந்தத் துணி பன்னிரண்டு கஜம், ஆறு கஜம், இரண்டு கஜம் என்று விற்கப்படும். இரண்டு கஜத் துண்டுக்கு ‘பாஞ்’ என்று பெயர். மூன்று பாஞ் சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு மேல்சட்டை, பாவாடை, அதன்மேல் சுற்றிக்கொள்ளவோ குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளவோ ஒரு துண்டு என முழு உடுப்பு ஆகிவிடும். ஆறு கஜம்! நம் வீட்டுப் புடவையும் அதே ஆறு கஜம் என்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் கப்பலில் இறக்கிய துணியை, லோமேயின் பெரிய வியாபாரப் பெண்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து சிறு வியாபாரப் பெண்கள் கடனுக்கு எடுத்தார்கள். ஐவரி கோஸ்டிலிருந்தும் நைஜரிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் பெண்கள் வந்து கட்டுக்கட்டாக வாங்கிப்போனார்கள். பெரும்பாலான கணக்கு மனத்தில்தான் இருந்தது. கைமுதல் தேவைப்பட்டபோது உதவியது ‘தொந்தீன்’ என்ற சீட்டு; நேயர்களுக்குச் சீட்டைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, பெரிய பெண்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த ஓர் உரிமை இருந்தது: இன்ன கோலத்தை இன்னார் மட்டுமே மொத்தமாக எடுத்து விற்கலாம் என்ற தனியுரிமை. எந்தக் கோலம் ஓடும், எந்த நிறம் எந்த ஊரில் படுத்துவிடும் என்பது அந்தப் பெண்களுக்கு மட்டுமே தெரிந்ததால், அவர்களைக் கேட்காமல் நிறுவனத்தாரால் எதையும் துணிந்து இறக்க முடியவில்லை.

இனி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஹெல்மண்டிலிருந்து வரும் கோலத்துக்கு ஒரு எண் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் சூட்டியவர்கள் சந்தைப் பெண்கள். கதவு திறந்த கூண்டிலிருந்து பறவை வெளியேறும் கோலம் ஒன்று வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’. கணவன் இரவில் ஊர் சுற்றுகிறவனாக இருந்தால், மனைவி அதை உடுத்திக்கொண்டு அவன் எதிரில் சோறு பரிமாறினால் போதும். ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. பாய்ந்து ஓடும் குதிரைகளுக்கு, ‘என் சக்களத்தியைவிட வேகமாக ஓடுகிறேன்’ என்று பெயர். இன்னொரு துணி ‘என் கணவர் கெட்டிக்காரர்’. விலை உயர்ந்த அந்தத் துணியை உடுத்திய பெண் தன் கணவனைப் புகழ்கிறாள், பக்கத்து வீட்டுக்காரனைக் குத்தியும் காட்டுகிறாள். சிறகு விரித்த பறவைகளின் கோலத்தை ‘பணம் பறக்கிறது’ என்றார்கள். மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக் படம் போட்ட துணி ஒன்றுக்கு ‘ஆறு பிளக்’ என்று பெயர். ஆறு சிலிண்டர் இழுவை கொண்ட பெண் என்று பொருள். கானாப் பக்கம் ‘நல்ல பாசிமணி ஓசை எழுப்பாது’ என்று பழமொழியையே துணிக்குப் பெயராக்கினார்கள். நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அண்மைக் காலத்தில் மிஷேல் ஒபாமாவின் கைப்பைக்கும் ஒரு துணி உண்டு.

கேட்பதற்கு இவை வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வியாபாரி என்ற முறையில் எண்ணிப் பாருங்கள். எண் போட்ட துணி ஒரு பருவத்தில் விற்றுத் தீரும், அல்லது தேங்கும். பெயர் போட்ட துணியை மகள் கல்யாணத்துக்கு வாங்கியவள் பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கும் அதே பெயரைச் சொல்லிக் கேட்டு வருவாள். கீறலும் சாயமும் ஹெல்மண்டில் ஏறின. துணியை வேண்டப்படும் பொருளாக ஆக்கிய அந்தச் சொல் லோமேயில் ஏறியது. நான் முன்னே சொன்ன ‘மதிப்பைச் சேர்த்தார்கள்’ என்பது இதுதான். இன்று பெருநிறுவனங்கள் விளம்பரத்துக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்யும் வேலையை, அந்தப் பெண்கள் சந்தையில் முக்காலியில் உட்கார்ந்து வாயாலேயே செய்து முடித்தார்கள்.

அதன் பலன் கண்ணுக்கு முன்னே நின்றது. 1960-களிலும் 70-களிலும் பணம் சேர்ந்தபோது, அவர்கள் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களை வாங்கினார்கள். தாயை, மூத்தவளை மரியாதையாக அழைக்கும் ‘நானா’ என்ற சொல்லோடு காரின் பெயரும் ஒட்டிக்கொண்டு, ‘நானா பென்ஸ்’ என்பதே அவர்களுக்குப் பட்டமாயிற்று. வெளிநாட்டு விருந்தினர் வரும்போது அரசாங்கமே இந்த அம்மாள்களிடம் கார்களை இரவல் வாங்கியதாக லோமேயில் சொல்வார்கள். பிள்ளைகளைப் பிரான்சுக்கும் பிற நாடுகளுக்கும் படிக்க அனுப்பினார்கள், வீடுகள் கட்டினார்கள்.

இவ்வளவையும் கட்டியெழுப்பியவர்களிடம் ஒன்று மட்டும் இல்லாமல் போனது என்பதே என் நெடுநாளைய ஆதங்கம். பெயர் அவர்களுடையது, கோலம் அவர்களுடையதன்று. தனியுரிமை என்று நான் சொன்னதை நிறுவனம் கொடுத்தது. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நல்ல காலம் நடக்கும்போது இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. கடனுக்குக் கொடுத்து வாங்கும் நாணயத்தில் எத்தனையோ பத்திரங்களைவிட உறுதியாக இருந்த வியாபாரம், ஒரு கோலத்தின் உரிமையைப் பதிவுசெய்த காகிதம் கையில் இல்லாததால் பின்னாளில் ஆட்டம் கண்டது.

முதல் அடி அரசியலால் விழுந்தது. 1992 நவம்பரில் டோகோவில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது; வாங்க வருகிறவர்கள் பக்கத்து நாடான பெனினின் கோட்டனூ நகருக்குத் திரும்பிவிட்டார்கள். மூச்சு விடுவதற்குள், 1994 ஜனவரியில் அந்த வட்டார நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு 50 சி.எஃப்.ஏ. கொடுத்தால் ஒரு பிரெஞ்சு பிராங்க். மறுநாள் அதற்கே 100 கொடுக்கவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் துணியின் விலை ஓர் இரவில் இரட்டிப்பாயிற்று என்றால், ஆறு கஜம் வாங்கி வந்தவள் என்ன செய்வாள்? இரண்டு கஜத்தோடு நிறுத்திக்கொண்டாள். அல்லது வேறு துணியைத் தேடினாள்.

அந்த வேறு துணி சீனாவிலிருந்து வந்தது. அதே பறவை, அதே கூண்டு, அதே குதிரை. விலை மட்டும் அதில் ஒரு சிறு பங்கு. அதைக் கொண்டுவந்தவர்களும் டோகோப் பெண்கள்தாம் என்பதே கதையின் திருப்பம். நானா பென்ஸ் மகள்களின் வயதில் உள்ள இந்தப் பெண்களுக்கு ‘நானெத்’, அதாவது சின்ன நானா, என்று பெயர். விமானமேறிச் சீனத் தொழிற்சாலைகளுக்கே போய், எந்தக் கோலத்தை எந்த நிறத்தில் எத்தனை கஜம் அடிக்கவேண்டும் என்று தாங்களே நின்று சொல்லி, கப்பல் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். மூத்தவர்கள் அவர்களைத் திருட்டுச் சரக்கு விற்பவர்கள் என்று ஏசினார்கள். நான் யார் பக்கம் என்று கேட்டால், நகல் எடுப்பதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த இளம்பெண்களின் துணிச்சலை மெச்சாமலும் இருக்க முடியவில்லை. இதற்கிடையில் 2000-க்குப் பிறகு ஹெல்மண்ட் நிறுவனமும் தன் சொந்தக் கடைகளை அந்த நகரங்களில் திறந்து நேரடியாக விற்கத் தொடங்கியது. பழைய தனியுரிமை முடிவுக்கு வந்தது. 2013 ஜனவரியில் ஓர் இரவு லோமேயின் பெரிய சந்தைக் கட்டடமே தீக்கிரையானது. கட்டுக்கட்டாகத் துணியும், வங்கிக்குப் போகாத ரொக்கமும் ஒன்றாக எரிந்தன.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வங்கிக் கடனைப் பற்றி விரிவாகப் பேச எண்ணி வந்தேன்; ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் பெண்கள் நடத்தும் தொழில்களுக்குத் தேவைப்படும் கடனுக்கும் கிடைக்கும் கடனுக்கும் இடையே 42 பில்லியன் டாலர், அதாவது 4,200 கோடி டாலர் இடைவெளி இருப்பதாக ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி மதிப்பிட்டிருக்கிறது. சீட்டு இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

துணியை விட்டு விலகமாட்டேன் என்ற நிபந்தனையை மீறுவேன் என்று சொன்னேன் அல்லவா? அது எஸ்தர் ஒக்லூ என்ற அம்மையாருக்காக. கானாவைச் சேர்ந்தவர், 1919-இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பை முடித்த கையோடு, 1940-களின் தொடக்கத்தில், அத்தை கொடுத்த பத்து ஷில்லிங்குக்கு ஆரஞ்சுப் பழமும் சர்க்கரையும் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளும் வாங்கி, ஆரஞ்சு ஜாம் காய்ச்சித் தெருவில் விற்றார். படித்த பெண் தெருவில் விற்கிறாளே என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். தான் படித்த பள்ளிக்கே ஜாம் கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பிறகு பெற்றார். இங்கிலாந்து சென்று உணவைப் பதப்படுத்தும் முறையைக் கற்றுத் திரும்பினார். ஏழைப் பெண்களுக்குக் கடன் கிடைக்கவேண்டும் என்பதற்காக 1979-இல் பெண்கள் உலக வங்கியியல் அமைப்பு உருவானபோது, நம் குஜராத்தின் இளா பட்டும் இவரும் அதன் நிறுவனர்களில் இருவர். 2002-இல் மறைந்தார். அவர் தொடங்கிய தொழிற்சாலைக்குத் தம் பிறந்த வீட்டுப் பெயரான ‘என்குலேனு’ என்பதையே வைத்திருந்தார். அந்தப் பெயர் ஒட்டிய டப்பாக்களில் எண்ணெய்ப் பனையின் பழத்தில் செய்த குழம்பு இன்றும் விற்பனைக்கு வருகிறது.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.